கொந்தகை எலும்பை மதுரையில்தான் ஆராய வேண்டுமா? மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுக்கு அரசுப் பணம் பற்றி ஒரு விவாதம்

நாகமலைக்காரி:

மாதச் சம்பளம் போடவே திண்டாடுகிற பல்கலைக்கழகத்துக்கு ஆய்வகம் எதற்கு என்று பக்கத்து இழையில் ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் தனி இழையாகவே வைக்கிறேன். பேச்சு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைப் பற்றியது. நான் அங்கே படித்தவள். இப்போது அங்கே வேலையில் இல்லை.

தெரியாதவர்களுக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழடி மக்கள் வாழ்ந்த இடம் என்றால், பக்கத்திலிருக்கும் கொந்தகை அவர்களுடைய இடுகாடு. அங்கே தோண்டிய குழிகளில் முதுமக்கள் தாழிகள் வரிசையாகக் கிடைத்தன. தாழிக்குள் இருந்த எலும்பிலிருந்து தொல் டி.என்.ஏ. எடுத்துப் படிக்க, மாநிலத் தொல்லியல் துறை காமராசர் பல்கலைக்கழக மரபியல் துறையோடு சேர்ந்தது. அதற்கென அரசுப் பணத்தில் ஒரு ஆய்வகமும் அங்கே வந்தது.

நான் கேட்பது இதுதான். கருவி வாங்க ஒரு தடவை பணம் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. ஆளுக்கும் கரண்டுக்கும் ரசாயனத்துக்கும் சேர்த்து, குறைந்தது பத்து வருடத்துக்கு, ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும். 2019-இல் வந்த கீழடி அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆறு கரித்துண்டு மாதிரிகள் அமெரிக்காவில் மியாமியில் இருக்கிற பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்றுக்கு கி.மு. 580 என்று காலம் வந்தது. 2025-இல் கொந்தகை மண்டையோடு இரண்டை வைத்து அவர்களுடைய முகத்தை உருவாக்கிக் கொடுத்தது இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம். தோண்டுகிற குழி நம்முடையது, அதில் கிடைத்ததைப் படிக்கிற கை எப்போதும் வெளியூர்க்காரருடையது என்றால் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

தணிக்கைக்காரன்:

அம்மா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. நான் அரசுத் தணிக்கையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் 2023-லும் 2024-லும் சம்பளமும் ஓய்வூதியமும் நின்றுபோய் ஊழியர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2024-இல் துணைவேந்தர் விலகினார். அதற்குப் பிறகு நிர்வாகக் குழுவின் கையெழுத்தில்தான் எல்லாம் நடந்தது. ஏன் இப்படி ஆனது? தொலைநிலைக் கல்வி வருமானத்தை நம்பியே பல வருடம் ஓட்டினார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் விதிகள் இறுகி, தன் எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்த முடியாமல் போனதும் அந்த வருமானம் சுருங்கியது. ஓய்வு பெற்றவர்களின் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே போனது. ஓட்டைக் குடத்தில் எத்தனை குடம் ஊற்றினாலும் நிற்காது.

தென் மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஆய்வுத் திட்டப் பணம் பொதுக் கணக்கில் கிடந்தது. தீபாவளி மாதம் சம்பளத்துக்குக் காசில்லை. அந்தப் பணத்தை எடுத்துப் போட்டுவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஆனால் பணம் அந்தத் திட்டத்துக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க முடியவில்லை, அடுத்த தவணையும் வரவில்லை. அந்தத் திட்டத்தை நம்பிச் சேர்ந்த நான்கு பிள்ளைகள் பி.எச்டி.யைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கோப்பில் தடைக்குறிப்பு எழுதியவன் நான்தான். முதலில் நிர்வாகம், பிறகு ஆய்வு. இந்த வரிசையை மாற்றினால் பணமும் போகும், பிள்ளைகளின் வாழ்க்கையும் போகும்.

கருப்பாயூரணி பாண்டி:

தணிக்கை ஐயா சொல்றதுதான் சரி. எம் பொண்ணு அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ இருக்குற ஒரு காலேஜ்ல பி.எஸ்சி. படிக்குது. நான் ஆட்டோ ஓட்டுறேன். பரிட்சை ஃபீஸ் கட்டுறதுக்கே முன்கூட்டிக் காசு எடுத்து வைக்கணும். எலும்பு ஆராய்ச்சிக்குப் பணம் இருக்கு, எங்க பிள்ளைங்க ஃபீஸக் குறைக்கப் பணம் இல்லையா? ஆராய்ச்சி வேண்டாம்னு சொல்லல. எது முந்தின்னு கேக்குறேன்.

நாகமலைக்காரி:

தணிக்கை ஐயா, நீங்கள் எழுதிய அந்த நான்கு பிள்ளைகளைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த இழையையே தொடங்கினேன். பொதுக் கணக்கில் போட்டால் காணாமல் போகும் என்றால் தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். கொடுக்கவே கூடாது என்ற முடிவு அதிலிருந்து எப்படி வருகிறது?

"முதலில் நிர்வாகம், பிறகு ஆய்வு" என்கிறீர்கள். பல்கலைக்கழகம் அப்படி நிறுத்தி வைத்துத் திரும்ப ஓட்டுகிற வண்டி இல்லை ஐயா. ஒரு துறையில் பத்து வருடம் புதிய ஆள் சேராவிட்டால், பதினோராம் வருடம் அங்கே கற்றுக்கொடுக்கக் கை இருக்காது. நல்ல ஆசிரியர் ஓய்வு பெறும்போது அவர் பழக்கிய மாணவர் அங்கே இருக்க வேண்டும். அந்த இடைவெளி ஒரு முறை விழுந்துவிட்டால், பிறகு எத்தனை கோடி கொட்டினாலும் அடைபடாது.

பாண்டி அண்ணே, உங்க கேள்வி நியாயம். ஆனா ஒண்ணு கேளுங்க. உங்க பொண்ணு பி.எஸ்சி. முடிச்சு மேல படிக்கணும்னா எங்க போகும்? சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப ஹாஸ்டல் செலவு நம்மால ஆகுமா? நாடு முழுக்க உயர்கல்வி படிக்கிற பிள்ளைகள்ல எண்பது விழுக்காட்டுக்கு மேல மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள்லயும் அதன் கீழ் இருக்கிற கல்லூரிகள்லயும்தான் இருக்காங்க. அங்க நல்ல லேப் இல்லேன்னா, அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல லேப் எங்கயுமே இல்லேன்னு அர்த்தம்.

ஐதராபாத் தமிழன்:

நான் பி.எச்டி. முடித்துவிட்டு ஐதராபாத்தில் ஒரு பெரிய ஆய்வு நிறுவனத்தில் போஸ்ட்டாக் ஆய்வாளராக இருக்கிறேன். சொந்த ஊர் திருமங்கலம். இங்கே எழுதுவது கசப்பாக இருக்கலாம், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொல் டி.என்.ஏ. வேலை சாதாரண மரபியல் வேலை போல இல்லை. ஆய்வகத்துக்குள் காற்று உள்ளிருந்து வெளியேதான் தள்ள வேண்டும், வெளித்தூசு உள்ளே வரக் கூடாது. இரவெல்லாம் புற ஊதா விளக்கு எரிய வேண்டும். உள்ளே போகிறவர் தலை முதல் கால் வரை மூடுடை போட வேண்டும், கையுறை இரண்டு அடுக்கு. அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் புது டி.என்.ஏ.வைப் பெருக்கிக்கொண்டிருக்கக் கூடாது. இவ்வளவும் செய்தாலும் நம் வெயிலில் எலும்புக்குள் டி.என்.ஏ. தங்குவதே அபூர்வம். ஹரியானாவில் இருக்கும் சிந்துவெளிக் கால ஊரான ராக்கிகடியில் 60-க்கும் மேற்பட்ட மாதிரிகளை முயன்று பார்த்ததில் ஒரே ஒரு பெண்ணின் மரபணுத் தொகுதிதான் கைக்கு வந்தது. அதுவும் ஹார்வர்டு போன்ற இடங்களின் கை கூடியதால். கட்டுரை 2019-இல் வந்தது.

இங்கே ஐதராபாத்தில் சி.சி.எம்.பி. என்ற மத்திய அரசு உயிரியல் ஆய்வு மையத்தில் இதற்கான வசதி இருக்கிறது. லக்னோவில் பீர்பல் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனத்தில் இருக்கிறது. மூன்றாவதாக ஒன்றை மதுரையில் நடத்துவதை விட, மாதிரியை இங்கே அனுப்பி, கூடவே மதுரையிலிருந்து இரண்டு மாணவர்களையும் அனுப்பினால் செலவு பாதியாகும், முடிவும் சீக்கிரம் வரும். இப்போது மத்திய அரசின் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையே ஒரு திட்டத்தில் பெரிய நிறுவனத்தை மையமாகவும் மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கிளைகளாகவும் இணைத்துப் பணம் கொடுக்கிறது. அது புத்திசாலித்தனமான வழி.

உறைகிணறு:

நான் தொல்லியல் ஆர்வலன். தமிழன் சகோதரர் சொல்லாத இன்னொரு காரணத்தையும் சேர்க்கிறேன். நாகமலைக்காரி, மியாமிக்கு அனுப்பியதை நீங்கள் வருத்தமாகச் சொல்கிறீர்கள். என்னைக் கேட்டால் அதுதான் அந்த அறிக்கைக்குப் பலமே. கீழடியைச் சுற்றி எத்தனை அரசியல், எத்தனை சந்தேகம்! கி.மு. 580 என்ற கணக்கைத் தமிழ்நாட்டு அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு ஆய்வகம் சொல்லியிருந்தால் "தாங்களே எழுதிக்கொண்டார்கள்" என்று ஒரே வரியில் ஒதுக்கியிருப்பார்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டில் இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை வந்தபோதும் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை போன்ற இடங்களின் மாதிரிகள் மியாமி, லக்னோ, அகமதாபாத் என்று வேறு வேறு ஆய்வகங்களில் சோதிக்கப்பட்டதால்தான் அது கி.மு. 3345 வரை போனபோது எதிர்த்துப் பேச வந்தவர்களும் கொஞ்சம் நின்று யோசித்தார்கள். நம் வீட்டுத் தராசில் நாமே நிறுத்துக்கொள்ளாமல் இருப்பது நமக்கே நல்லது.

நாகமலைக்காரி:

உறைகிணறு தோழர், இந்த வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் இரண்டு விஷயத்தை ஒன்றாக்கிவிட்டீர்கள். காலக்கணிப்புக்கு மாதிரியை வெளியே அனுப்பிச் சரிபார்ப்பது வேண்டும், எப்போதும் வேண்டும். ஆனால் வெளியே அனுப்புகிறவருக்கும் அதே வேலை தெரிந்திருக்க வேண்டாமா? திரும்பி வரும் எண்ணைப் படித்து "இந்த மாதிரி கலப்படமாகியிருக்கிறது, திரும்பச் செய்யுங்கள்" என்று சொல்ல இங்கே ஒருவர் வேண்டும். இல்லையென்றால் அவர்கள் சொன்னதுதான் முடிவு.

தம்பி தமிழன், திருமங்கலத்துக்காரர் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். நீங்கள் எழுதிய மூடுடை, காற்றழுத்தம் எல்லாம் சரி. ஆனால் தொல் டி.என்.ஏ. வேலை ஆய்வகத்தில் தொடங்குவதில்லை, குழியில் தொடங்குகிறது. தாழியைத் திறக்கும் நேரத்தில் குனிந்திருப்பவரின் நெற்றி வியர்வை ஒரு துளி எலும்பில் விழுந்தால் முடிந்தது கதை. ஐதராபாத்தில் இருந்து வருகிற ஆள் வந்து சேரும்வரை தாழி வெயிலில் காத்திருக்காது. தாழி தெரிந்த அன்றைக்கே பைக் எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கொந்தகைக்குப் போய் இறங்குகிறவர் வேண்டும். மண்டையோட்டின் அடியில், காதுக்கு உள்பக்கம் இருக்கிற அந்தக் கெட்டியான எலும்புத் துண்டில்தான் டி.என்.ஏ. அதிகம் தங்கும். அதை உடையாமல் எடுக்கப் பழகிய கை ஊரிலேயே இருக்க வேண்டும். அந்தக் கையை யார் வளர்ப்பது?

மையமும் கிளையும் என்கிறீர்கள். கிளையில் இருப்பவர் மாதிரி அனுப்புவார், மையத்தில் இருப்பவர் கட்டுரை எழுதுவார், கிளைக்காரர் பெயர் பதினாறாவதாக வரும். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஐதராபாத் தமிழன்:

அக்கா, பார்த்திருக்கிறேன். மறுக்கவில்லை. என் பெயரே ஒரு கட்டுரையில் அப்படிப் போயிருக்கிறது.

ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஃப்ரீசர் மைனஸ் 80-இல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மதுரையில் மே மாதம் கரண்ட் போனால்?

நாகமலைக்காரி:

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், ஏனென்றால் நான் அதில் அடிபட்டவள். எந்த இடம் என்று சொல்லமாட்டேன். பி.எச்டி. மூன்றாம் வருடம். சனிக்கிழமை மாலை கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. டீசல் வாங்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லை. திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தபோது ஃப்ரீசருக்கு அடியில் தரை முழுக்கத் தண்ணீர். இரண்டரை வருடம் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த இரத்த மாதிரிகள், குழாய் குழாயாக, வெதுவெதுப்பாக. ஒவ்வொரு குழாயிலும் என் கையெழுத்தில் எண் எழுதியிருந்தேன். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கைடு வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் தன் பணத்தில் ஒரு கேன் டீசல் வாங்கி ஆய்வக மூலையில் வைத்தார்.

அந்த ஃப்ரீசரின் விலை பல லட்சம், அதை வாங்க அரசு கொடுத்தது. டீசல் சில ஆயிரம்தான். அதற்கு எந்தச் செலவுத் தலைப்பிலும் இடமில்லை. நான் இந்த இழையில் கேட்பதெல்லாம் இவ்வளவுதான்: அந்தச் சில ஆயிரத்துக்கு ஒரு தலைப்பு. பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஒரு தலைப்பு. கருவியைத் தெரிந்த ஒரு நிரந்தர டெக்னீஷியன் பதவி.

தணிக்கைக்காரன்:

அம்மா, இதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுத முடியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். என் பணிக்காலத்தில் கருவி வாங்கிய கோப்பில் டெண்டர் சரியா, விலை சரியா என்று நூறு கேள்வி கேட்டிருக்கிறேன். வாங்கிய கருவி ஓடுகிறதா என்று இருப்புப் பதிவேட்டோடு நேரில் போய்ப் பார்த்ததும் உண்டு. உறை பிரிக்காமல் வருடக்கணக்கில் நின்ற கருவிகளைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறேன். ஏன் ஓடவில்லை என்று கேட்டால் "ஆளில்லை" என்பார்கள். அந்தப் பதிலை ஒரு சாக்கு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் என் நிலை முழுக்க மாறவில்லை. நடைமுறைச் செலவுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுங்கள் என்கிறீர்கள். பத்து வருடம் கேள்வி கேட்காமல் கொடுத்தால் பதினோராம் வருடம் அது உரிமை ஆகிவிடும். இந்தப் பல்கலைக்கழகத்துக்கு யு.ஜி.சி.யின் சிறப்புத் திறன் தகுதி கிடைத்தது, அதற்கான பணமும் வந்தது. வளாகம் பெரியது, பெயர் பெரியது. இருந்தும் இந்த நிலைக்கு வந்தது. பணம் இல்லாததால் மட்டும் வந்த நோய் இல்லை இது. பணி நியமனம், பதவிக்குப் போட்டி, வழக்கு எல்லாம் சேர்ந்த நோய். அதைத் தொடாமல் ஆய்வகத்தை மட்டும் காப்பாற்ற முடியும் என்று நான் நம்பவில்லை.

வைகைக்கரை:

நான் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர், விலங்கியல். இழையைப் படித்துக்கொண்டே இருந்தேன். பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும், இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது.

1970-களில் எம்.கே. சந்திரசேகரன் என்ற ஆய்வாளர் ஜெர்மனியில் வேலை செய்துவிட்டு மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பெரிய கருவி எதையும் கேட்கவில்லை. வளாகத்துக்குப் பக்கத்துக் குன்றில் ஒரு குகை இருந்தது, அதில் வௌவால்கள் இருந்தன. வெளிச்சமே எட்டாத இருட்டில் தொங்கும் வௌவாலுக்கு, வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது? அதைக் கண்டுபிடிக்க இரவு இரவாக மாணவர்களோடு குகை வாசலில் உட்கார்ந்தார். பிறகு வளாகத்தில் ஒரு நிலவறை கட்டினார்கள். கடிகாரம் இல்லை, சூரிய வெளிச்சம் இல்லை, வெளிச் சத்தம் இல்லை. அதற்குள் மனிதர்களே வாரக்கணக்கில் தங்கி, உடம்பு தானாக எப்போது தூங்குகிறது, எப்போது விழிக்கிறது என்று அளந்தார்கள். உயிரியல் கடிகாரம் பற்றி உலகில் எங்கே பேசினாலும் மதுரையின் பெயரைச் சொன்ன காலம் அது.

1980-களின் நடுவில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை நாட்டில் முதல் முதலாக எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி தொடங்கத் தேர்ந்தெடுத்த சில பல்கலைக்கழகங்களில் மதுரையும் ஒன்று. அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதி வடக்கே இருந்தெல்லாம் பிள்ளைகள் நாகமலை அடிவாரத்து வளாகத்துக்கு வந்து படித்தார்கள். அப்போது யாரும் "எதற்கு மதுரையில், டெல்லியில் இருக்கிறதே" என்று கேட்கவில்லை.

தணிக்கைத் தம்பி, நீங்கள் சொல்லும் நோய் இருக்கிறது. ஆனால் அந்தக் குகையும் அந்த வகுப்பும் அதே பல்கலைக்கழகத்தில்தான் நடந்தன. நல்ல ஆளை எடுத்து, பதினைந்து இருபது வருடம் தொந்தரவு செய்யாமல் விட்டால் அங்கே என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

மல்லிகைத் தோட்டம்:

எல்லாரும் பெரிய படிப்பு படிச்சவங்க. நான் உசிலம்பட்டிப் பக்கம் ஒண்ணரை ஏக்கர்ல மல்லி போட்டிருக்கேன். எனக்கும் ஒண்ணு சொல்லணும்.

எங்க ஊர்ப் பக்கத்துல ஜோதிமாணிக்கம்னு ஒரு கிராமம். இதே பல்கலைக்கழகத்துலேர்ந்து பேராசிரியர் பிச்சப்பன் குழு வந்து இரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. ஆப்பிரிக்காலேர்ந்து கடற்கரையோரமா ஆஸ்திரேலியா வரைக்கும் போன முதல் சனங்களோட மரபணு அடையாளம், எம்130ன்னு சொல்றாங்க, அது இந்தப் பக்கத்து ஆளுக இரத்தத்துல இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. உலகம் பூரா பேசுனாங்க, டி.வி.க்காரங்க வந்தாங்க. எங்களுக்கும் பெருமைதான், இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்கப்புறம்? ரோடு மாறல, ஆஸ்பத்திரி மாறல. இரத்தம் குடுத்தவருக்கு அவரு இரத்தத்துல வேற என்ன இருக்குன்னுகூட யாரும் வந்து சொன்ன மாதிரித் தெரியல. இப்ப எலும்பு. செத்தவன் யாருன்னு கண்டுபிடிக்க இவ்வளவு பேரு பேசுறீங்க. உயிரோட இருக்குறவன் தோட்டத்துல மொட்டு மொட்டாக் கருகிப் போகுது, அதப் பாக்க ஒருத்தரும் வரல.

மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு வாங்கி எத்தனையோ வருசம் ஆச்சு. மொட்டுப்புழுவுக்கு மருந்து அடிச்சு அடிச்சு எனக்கு மூச்சு வாங்குது. கடைக்காரர் குடுக்குற மருந்த அடிக்கிறோம். அது இந்தப் புழுவுக்கா வேற புழுவுக்கான்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல.

உறைகிணறு:

ஐயா, பூச்சி விஷயம் வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலை அல்லவா? மதுரையிலேயே வேளாண் கல்லூரி இருக்கிறதே. காமராசர் பல்கலைக்கழகத்தைக் கேட்டு என்ன பயன்?

மல்லிகைத் தோட்டம்:

போனேன்ய்யா. நல்லாத்தான் பேசுனாங்க. ஒரு மொட்டுப் புழுவக் காட்டுனேன். மொட்ட ஓட்ட போடுறது ஒரு வகை, மொட்டுக்குள்ளயே இருந்து வீங்க வச்சு ஊதாவா மாத்துற சின்ன ஈயோட புழு இன்னொரு வகை, குட்டியா இருக்கையில சில சமயம் பாத்துச் சொல்றது கஷ்டம்னாங்க. ரெண்டும் ஒரே தோட்டத்துல இருக்கலாம்னாங்க. ரெண்டுக்கும் மருந்து வேற.

நாகமலைக்காரி:

அண்ணே, நீங்க முதல்ல எழுதினதை இரண்டு தடவை படித்தேன். ஜோதிமாணிக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க நியாயம். நாங்கள் மாதிரி எடுத்த ஊர்களுக்குத் திரும்பிப் போய் முடிவைச் சொல்ல ஒரு பஸ் டிக்கெட்டுக்குக் கூடத் திட்டத்தில் இடம் கிடையாது. இருக்க வேண்டும். நான் கேட்கிற பட்டியலில் அதையும் சேர்க்கிறேன்.

புழு விஷயத்துக்கு வருகிறேன். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாத குட்டிப் புழுவை டி.என்.ஏ.வால் பிரிக்கலாம். ஒரு சின்ன மரபணுத் துண்டைப் படித்தால் போதும், எந்த இனம் என்று தெரிந்துவிடும். எலும்புக்குக் கட்டுகிற அந்த அறைக்குள் புழுவைக் கொண்டுபோகக் கூடாது, தமிழன் தம்பி சொன்ன கலப்படப் பயம். ஆனால் வராந்தாவின் அந்தப் பக்கத்து அறையில், அதே படிப்புப் படித்த அதே பிள்ளைகள், ஒரு பி.சி.ஆர். கருவியை வைத்து இரண்டு மூன்று நாளில் சொல்லிவிடுவார்கள். ஆய்வகம் என்று நான் சொல்வது அந்தப் பிள்ளைகளைத்தான். அவர்கள் ஊரில் இருந்தால் இன்றைக்கு எலும்பு, நாளைக்கு உங்கள் மொட்டு, அடுத்த மாதம் இராசாசி ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற ஒரு காய்ச்சல். அவர்கள் ஐதராபாத்துக்குப் போய்விட்டால் எலும்பை மட்டும் பார்சல் செய்யலாம், உங்கள் புழுவை யார் பார்சல் செய்வது?

ஐதராபாத் தமிழன்:

அக்கா, இந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறேன். புழுவை யாரும் இங்கே அனுப்ப மாட்டார்கள். அனுப்பினாலும் இங்கே வரிசையில் கடைசியில் நிற்கும்.

ஆனால் பிள்ளைகள் அங்கே தங்க வேண்டும் என்றால் காசு வேண்டும். தேசிய அளவிலான நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது இல்லாமல் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேரும் பலருக்குக் கைக்கு ஒன்றுமே வருவதில்லை. காலையில் தனியார் கல்லூரியில் வகுப்பெடுத்துவிட்டு, மத்தியானம் ஆய்வகத்துக்கு வருகிற பெண்களை எனக்குத் தெரியும். நீங்கள் டீசலுக்குத் தலைப்பு கேட்கிறீர்கள். நான் அதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகளுக்கு மாத உதவித்தொகை கேட்பேன். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் உதவித்தொகையைக் கேளுங்கள்.

நாகமலைக்காரி:

ஒத்துக்கொள்கிறேன். டீசலை இன்னொரு கைடு வாங்கி வைப்பார். உதவித்தொகையை யாராலும் சொந்தப் பையிலிருந்து கொடுக்க முடியாது.

தணிக்கைக்காரன்:

அப்படியானால் கணக்கு எங்கிருந்து வரும் என்றும் பேசுவோம். நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடுதான், 2020-21 கணக்கு. அதில் மாநில அரசுகளின் பங்கு ஏழு விழுக்காட்டைத் தொடவில்லை. உயர்கல்வி நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து ஒன்பதைத் தொடவில்லை. பெரும்பகுதி மத்திய அரசின் துறைகளுக்கும் தனியாருக்கும். தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து வருடத்தில் 50,000 கோடி என்றார்கள். அதில் கிட்டத்தட்ட 36,000 கோடி தனியாரிடமிருந்து வரவேண்டும். கொந்தகை எலும்புக்கு எந்தத் தனியார் கம்பெனி பணம் போடும்? அந்த வகையில் இதை மாநில அரசுதான் சுமக்க வேண்டும் என்று நாகமலை அம்மா சொல்வதை நான் ஏற்கிறேன்.

ஏற்பதற்கு மூன்று நிபந்தனை. பணம் பல்கலைக்கழகப் பொதுக் கணக்குக்குப் போகக் கூடாது, துறையின் பெயரில் தனிக் கணக்கு வேண்டும். உதவித்தொகை பிள்ளைகளின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும், யார் கையெழுத்துக்கும் காத்திருக்காமல். மூன்றாம் வருட முடிவில் வெளியாள் ஒருவர் வந்து, கருவி ஓடுகிறதா, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று இரண்டே கேள்வி கேட்க வேண்டும். எத்தனை கட்டுரை என்று கேட்கக் கூடாது, அதைக் கேட்டால் எண்ணிக்கைக்காக எழுதுவார்கள்.

கருப்பாயூரணி பாண்டி:

ஐயா, மூணாவது நிபந்தனையில எங்க பிள்ளைங்களையும் சேருங்க. காலேஜுல படிக்கிற பிள்ளைங்கள வருசத்துக்கு ஒரு தடவையாச்சும் அந்த லேபுக்குள்ள கூட்டிட்டுப் போயிக் காட்டினாங்களான்னு கேக்கச் சொல்லுங்க. எம் பொண்ணு மூணு வருசமா விலங்கியல் படிக்குது, மைக்ராஸ்கோப்ப நாலு பேரோட சேந்துதான் பாத்திருக்கு. ஃபீஸ் விஷயத்த நான் விடல. அது தனியாக் கேப்பேன்.

வைகைக்கரை:

கேளுங்கள் பாண்டி, விடாதீர்கள். தணிக்கைத் தம்பியின் இரண்டாம் நிபந்தனை மட்டும் நடந்தாலே போதும், பாதி வியாதி தீரும். முதல் நிபந்தனையில்தான் எனக்குத் தயக்கம். துறைக்குத் துறை தனிக் கணக்கு என்று போனால், பணம் வராத தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் என்ன ஆகும்? கொந்தகைத் தாழியைப் புரிந்துகொள்ள மரபியல் மட்டும் போதாது. முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் தமிழறிஞர் என்பதை மறந்துவிட வேண்டாம்.

தணிக்கைக்காரன்:

ஐயா, அதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை. யோசித்து எழுதுகிறேன்.

மல்லிகைத் தோட்டம்:

நாகமலை அம்மா, நீங்க சொன்ன டி.என்.ஏ. விஷயம். புழுவக் கொண்டுவந்தா யாராச்சும் பாப்பாங்களா? திங்கக்கிழமை பூ மார்க்கெட்டுக்கு மாட்டுத்தாவணி வரேன். அப்படியே கொண்டாந்துருவேன்.

நாகமலைக்காரி:

கொண்டு வாங்கண்ணே. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இருக்கிறாள், இன்றைக்கே சொல்லி வைக்கிறேன். அவளுக்கு உதவித்தொகை கிடையாது, ஆனால் செய்வாள். மொட்டோடு பையில் போட்டுக் கொண்டுவந்தால் வழியிலேயே அழுகிவிடும். ஞாயிறு காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் பறித்து, மொட்டைப் பிளந்து, புழுவைத் தனியாக எடுத்து எத்தனாலில் போட வேண்டும். சுத்தமான எத்தனால் கடையில் கிடைக்காது, அவளே சின்னக் குழாய்களில் ஊற்றிக் கொடுப்பாள். சனிக்கிழமை உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து உங்களிடம் தரச் சொல்கிறேன். ஓட்டை போட்ட மொட்டில் எடுத்ததையும் ஊதாவாக வீங்கிய மொட்டில் எடுத்ததையும் ஒரே குழாயில் போட்டுவிடாதீர்கள். சின்னக் காகிதத் துண்டில் பென்சிலால் எழுதிக் குழாய்க்குள் போடுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.